அறுந்த கயிறும் ஆண்டவன் சோதனையும்

அமெரிக்க எழுத்தாளர் கேதரின் பாட்டர்சனின் 'பிரிட்ஜ் டு டெராபித்தியா' 1977-இல் வெளிவந்த சிறுவர் புதினம். 1978-இல் நியூபெரி பதக்கம் பெற்றது. அந்நாட்டுப் பள்ளிகளில் பாடமாயிற்று. தடை செய்க என்ற கூச்சலும் உடன் எழுந்தது! சாவைச் சொல்கிறதாம், இறைவன் பெயரை இழிக்கிறதாம்! எழுதியவரோ பாதிரியார் வீட்டுப் பெண். தாமும் ஜப்பானில் சமயப்பணி புரிந்தவர். வேடிக்கை அன்றோ, நண்பர்களே!

வர்ஜீனிய நாட்டுப்புறத்து ஏழைச் சிறுவன் ஜெஸ். புதிதாய்க் குடிவந்த சிறுமி லெஸ்லி. ஓடைக்கு அப்பால், காட்டில், கற்பனையால் ஓர் அரசு கண்டு ஆள்கின்றனர். அங்கு செல்லக் கயிற்றில் ஊசலாடித்தான் ஓடையைத் தாண்டவேண்டும். ஜெஸ் தன் இசையாசிரியையுடன் வாஷிங்டன் ஓவியக்கூடம் காணச் சென்ற நாளில், லெஸ்லி தனியே போகிறாள், கயிறு அறுகிறது, மாள்கிறாள். பாவத்தின் சம்பளம் என்றோ ஆண்டவன் சோதனை என்றோ நூலாசிரியர் கதையளக்கவில்லை. பழங்கயிறு, மழைவெள்ளம், காரணம் அவ்வளவே.

விவிலியத்தை நம்பாதோர் நரகம் புகுவர் என்று ஜெஸ்ஸின் தங்கை முன்பு சொன்னாள். லெஸ்லியோ நம்பாதவள். அந்த அச்சம் இப்போது அவனைக் குடைகிறது. சிறுமிகளைக் கடவுள் நரகுக்கு அனுப்பார் என்கிறார் தந்தை. நரகமே புளுகு என்னும் துணிவு நூலுக்கு இல்லை, குறைதான். ஆயினும் அந்த ஐயத்தைச் சிறுவன் உள்ளத்தில் எழவிட்டதே பெரிது.

இதனை நடத்துவோர், 'கதை உணர்த்தும் நீதி யாது? ஐந்து மதிப்பெண்' என்று கேட்டுக் கொன்றுவிடலாகாது. கண்டிப்பான ஆசிரியை மையர்ஸ், கணவர் இறந்தபோது அழாதே, மறந்துவிடு என்றே பலரும் கூறியதையும், மறக்கத் தமக்கு விருப்பமில்லாததையும் ஜெஸ்ஸிடம் சொல்கிறாரே, அந்தப் பக்கத்தில் சற்று நில்லுங்கள். அழும் பிள்ளை அழட்டும். நரகம் உண்டா என்று ஒரு பிள்ளை கேட்டால், மணி அடித்துவிட்டதென்று நழுவாதீர்!