சதாமுக்குக் கவிதை, சாச்சிக்குப் புத்திமதி

2007ஆம் ஆண்டின் ஆரம்பத்தில் மாளிகாவத்தையில் நடந்த ஒரு கவியரங்கில் நானும் ஒரு கவிதை வாசித்தேன். ஆசிரியர் கலாசாலையை விட்டு வெளியேறி அதிக காலம் ஆகவில்லை. சதாம் ஹுசைன் தூக்கிலிடப்பட்டது 2006 டிசம்பர் 30இல். அரபு நாடுகள் பலவற்றில் ஹஜ்ஜுப் பெருநாள் கொண்டாடிய நாள் அது. அந்தச் சூடு ஆறியிருக்கவில்லை. அன்றிரவு வாசிக்கப்பட்டவை அத்தனையும் ஏறக்குறைய ஒரே கவிதைதான். கயிறு மாலையாகும், சிங்கம் கூண்டுக்குள் நின்று கர்ஜிக்கும், டைகிரீஸ் நதி சிவக்கும், கடைசியில் புஷ்ஷுக்கு ஒரு சாபம். எனது கவிதையிலும் இவை எல்லாம் இருந்தன. கைதட்டலும் கிடைத்தது.

தொடர்மாடியில் குடியிருக்கும் என் சாச்சி (உம்மாவின் தங்கை) பெண்கள் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறார். இராச்சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது சொன்னார்:

“நல்லாத்தான் ஈக்கி மகன். ஆனா அந்தாள்ட பட்டாளம் குவைத்துக்குள்ள வந்த நேரம் நாங்க அங்க ஈந்தோமே. அத ஒருத்தரும் செல்லல்லியே.”

எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வந்தது. சாச்சிக்கு அரசியல் விளங்காது என்று எண்ணிக்கொண்டு கிராமத்துக்கு ரயில் ஏறிவிட்டேன். அண்மையில் என் கவிதைகளைத் தொகுப்பாக்க எண்ணிப் பழைய கொப்பிகளைப் புரட்டியபோது அந்தக் கவிதை மீண்டும் கையில் அகப்பட்டது. நாற்பது வரிகள். அதில் குவைத் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

இன்றைய இளம் வாசகர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1990 ஆகஸ்ட் 2ஆம் திகதி அதிகாலையில் ஈராக் படைகள் குவைத்துக்குள் நுழைந்தன. சில மணித்தியாலங்களில் தலைநகர் வீழ்ந்தது. ஆட்சிக் குடும்பம் சவூதிக்குத் தப்பியது. முதலில் ஒரு பொம்மை அரசாங்கம் வைத்தார்கள். ஆகஸ்ட் 8இல் இணைப்பை அறிவித்தார்கள். அந்த மாத முடிவுக்குள் குவைத் ஈராக்கின் 19ஆவது மாகாணமாயிற்று. உஸ்மானியர் காலத்தில் அது பஸ்ராவோடு சேர்ந்திருந்தது, 1899இல் பிரித்தானியர் தம் கைக்குள் எடுத்துக்கொண்டார்கள் என்பது பக்தாதின் வாதம். அந்த வாதத்துக்கு ஒரு வரலாறு இல்லாமலில்லை. ஆனால் 1963இல் குவைத்தைத் தனி நாடாக ஏற்றுக்கொண்டதும் அதே பக்தாத்தான். ஈரானுடன் எட்டு வருடம் செய்த போரின் கடனும் எண்ணெய் விலையும் உண்மைக் காரணங்கள். பெப்ரவரி 1991 வரை ஏழு மாதம் இந்நிலை நீடித்தது.

அந்நேரம் குவைத்தில் சுமார் ஒரு இலட்சம் இலங்கையர் இருந்தார்கள். பெரும்பாலானோர் வீட்டுப் பணிப்பெண்கள். மாளிகாவத்தைத் தோட்டங்களிலும் தொடர்மாடிகளிலும் இருந்து போனவர்கள் எத்தனை பேர் என்று அங்கு வளர்ந்தவர்களுக்குத் தெரியும்.

எமது இலக்கியம் இந்த நிகழ்வைக் கையாண்ட விதம்தான் இக்கட்டுரையின் பொருள். நான் பார்த்தவரை எம்மிடம் இரண்டு வகை எழுத்து இருக்கிறது. ஒன்று, வளைகுடாப் போர்க் கவிதை. 1991இல் தொடங்கி, 2003இல் அமெரிக்கா ஈராக்கைப் பிடித்தபோது பெருகி, 2006இல் உச்சத்துக்குப் போனது. அதை எழுதியவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஆண்கள். மற்றது, ‘மத்திய கிழக்குக்குப் போன பெண்’ சிறுகதை. இதன் அமைப்பு எல்லோருக்கும் மனப்பாடம். அவள் போகிறாள். அனுப்பும் காசைக் கணவன் அழிக்கிறான். பிள்ளைகள் தறுதலையாகிறார்கள். திரும்பி வரும்போது வாசலில் இன்னொருத்தி நிற்கிறாள். போயிருக்கக்கூடாது என்பதுதான் கதையின் பாடம். நல்ல கதைகளும் இவற்றுள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் முப்பது வருடமாக இந்த இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. கவிதையில் பட்டாளம் வரும், பெண் வரமாட்டாள். கதையில் பெண் வருவாள், பட்டாளம் வராது. ஒரு நாடு இன்னொரு நாட்டை விழுங்குவதை சமையலறை யன்னலால் பார்த்துக்கொண்டு நின்ற எம் பெண்களைச் சாட்சிகளாக எந்த எழுத்தும் அழைக்கவில்லை. சதாமுக்குக் கவிதை கொடுத்தோம், சாச்சிக்குப் புத்திமதி கொடுத்தோம்.

இலக்கணம் படிப்பிக்கிறவன் என்பதால் எழுவாய் பயனிலை பார்க்கும் பழக்கம் எனக்குண்டு. கவியரங்க மலர்கள் சிலவற்றை எடுத்து வைத்து வினைச்சொற்களைக் கோடிட்டுப் பார்த்தேன். இஸ்ரேல் ‘ஆக்கிரமித்தது’. அமெரிக்கா ‘ஆக்கிரமித்தது’. இரண்டும் சரி. ஈராக் மட்டும் குவைத்துக்குள் ‘பிரவேசித்தது’, அல்லது குவைத் ‘இணைந்தது’. ஒரு நாடு தானாக எழும்பிப் போய் இன்னொரு நாட்டோடு இணைந்ததாம்! ஒரு கவிதையில் ‘குவைத் பிரச்சினை தோன்றிய வேளை’ என்று இருக்கிறது. மழை தோன்றுவதுபோல. செய்தவன் பெயர் வராமல் வாக்கியம் அமைப்பது எளிது, செயப்பாட்டுவினை இருக்கிறது. மாணவன் அப்படி எழுதினால் சிவப்புப் பேனாவால் சுழிப்பேன். என் கவிதையில் சுழிக்கக்கூட ஒன்றுமில்லை, அந்த வாக்கியமே இல்லை.

இதற்காக அக்காலத்துக் கவிஞர்களை முழுமையாகக் குற்றம் சொல்வது நியாயமல்ல. 1990 ஆகஸ்ட்டை நினைத்துப் பாருங்கள். ஆகஸ்ட் 2இல் குவைத். மறுநாள் இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்கள் இரண்டில் தொழுகையில் நின்றவர்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நான் அப்போது சிறுவன். எங்கள் வீட்டில் வாப்பா இரவில் பீ.பீ.சீ. தமிழோசையைத் திருப்புவார். இரண்டு செய்தியும் ஒரே பெட்டிக்குள்ளிருந்து வந்தன. ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் விரட்டப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணித்தியால அவகாசம். இப்படி எல்லாப் பக்கத்தாலும் அடிவாங்கிய சமூகத்துக்கு, எங்கோ ஒருவன் அமெரிக்காவைப் பார்த்து விரல் நீட்டினான் என்பதே ஆறுதலாக இருந்தது. ஆகஸ்ட் 12இல் சதாம் குவைத் விடயத்தைப் பலஸ்தீனத்தோடு முடிச்சுப்போட்டார். எம். ஏ. நுஃமானின் மொழிபெயர்ப்பில் பலஸ்தீனக் கவிதைகளைப் படித்து வளர்ந்த தலைமுறைக்கு அது போதுமாயிருந்தது. ஏறாவூரில் ஈராக்கின் உதவியில் வீடுகள் கட்டப்பட்ட ஒரு கிராமம் சதாமின் பெயரிலேயே இருக்கிறது. அந்த நன்றியையும் நான் எள்ளி நகையாடமாட்டேன். ஆனால் 1988இல் ஹலப்ஜாவில் விஷவாயுவில் ஆயிரக்கணக்கில் செத்த குர்துகளும் முஸ்லிம்கள்தான். அவர்களுக்கு எத்தனை கவிதை எழுதினோம்? சதாமுக்குப் பக்கத்தில் நின்றதற்கு விலை கொடுத்தவர்களும் பலஸ்தீனர்கள்தான். போர் முடிந்தபின் குவைத்திலிருந்த பலஸ்தீனர்களில் பெரும்பாலானோர் அந்நாட்டை விட்டுப் போக வேண்டியதாயிற்று.

பலஸ்தீனம் என்றதும் கஸ்ஸான் கனஃபானி நினைவுக்கு வருகிறார். 1963இல் வெளிவந்த ‘வெயிலில் மனிதர்கள்’ நாவலில் மூன்று பலஸ்தீனர் பஸ்ராவிலிருந்து குவைத்துக்குத் தண்ணீர் லொறியின் வெற்றுத் தொட்டிக்குள் ஒளிந்து போகிறார்கள். ஆகஸ்ட் வெயிலில் உள்ளேயே மூச்சடங்குகிறார்கள். லொறி ஓட்டுபவனும் ஒரு பலஸ்தீனன்தான். கனஃபானி அதை மறைக்கவில்லை, எதிரியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்காமல் தன் ஆளின் கையிலும் பழியை வைத்தார். அந்த நாவலை நாம் மேடைகளில் மெச்சுகிறோம். அதே பாதையில், அதே ஆகஸ்ட் வெயிலில், எதிர்த்திசையில் எம் பெண்கள் வந்தார்கள்.

சாச்சி வேலை செய்த வீட்டார் இரண்டாம் நாளே காரில் சவூதிப் பக்கம் போய்விட்டார்கள். வீட்டுச் சாவி சாச்சியிடம். மூன்று மாதச் சம்பளம் பாக்கி. கையிலிருந்த குவைத் தினாரை ஈராக் தினாருக்குச் சமம் என்று ஆக்கினார்கள், சந்தையில் அது பல மடங்கு பெறுமதியானது. பிறகு பஸ்ஸில் பஸ்ரா, பக்தாத், ஜோர்தான் எல்லையில் ருவைஷித். பாலைவனத்தில் கூடாரம். தண்ணீர் பவுசர் வந்தால் சண்டை. கட்டுநாயக்கவில் இறங்கும்போது ஒரு பொலித்தீன் பை.

நட்டஈடும் கிடைத்தது. ஐக்கிய நாடுகள் இழப்பீட்டு ஆணைக்குழு இப்படித் திரும்பியவர்களுக்கு ஆளுக்கு 2,500 டொலர் அல்லது 4,000 டொலர் என்று நிர்ணயித்தது. அந்தப் பணம் வந்தது ஈராக்கின் எண்ணெயிலிருந்து. 1996இல் உணவுக்காக எண்ணெய் விற்க ஈராக்குக்கு இடம் கொடுத்தபோது வருமானத்தில் 30 வீதத்தை இந்த நிதிக்கு வெட்டினார்கள். 2022 வரை 5,240 கோடி டொலர் இப்படிக் கொடுக்கப்பட்டது. பொருளாதாரத் தடையில் மருந்தில்லாமல் ஈராக் பிள்ளைகள் சாகிறார்கள் என்று நாம் கவிதை எழுதிய அதே வருடங்களில்தான் சாச்சி அந்தக் காசில் வீட்டுக்குக் கதவு போட்டார். இதை எந்தக் கவிஞன் எழுதுவான்? எழுதினால் யாரைச் சபிப்பான்? கவியரங்குக்கு உதவாத விடயம். சிறுகதைக்கு இதைவிட என்ன வேண்டும்?

2022 பெப்ரவரியில் உக்ரைனுக்குள் ரஷ்யப் படை புகுந்தபோது எங்கள் பாடசாலை ஆசிரியர் ஓய்வறையில் மீண்டும் அதே குரல் கேட்டது. “அமெரிக்காவுக்குப் பயப்படாத ஆம்பிளை” என்றார் ஒருவர். அது முன்பு எங்களோடு இருந்த மண் என்ற வாதமும் அதேதான். 2014இல் பிடிக்கப்பட்ட கிரைமியாவின் தாத்தாரியர்கள் முஸ்லிம்கள், 1944இல் ஸ்டாலினால் கூட்டமாக நாடுகடத்தப்பட்டவர்கள் என்று சொன்னேன். பேச்சு கிரிக்கெட்டுக்கு மாறிவிட்டது.

போன விடுமுறையில் ஒரு கொப்பியோடு மாளிகாவத்தைக்குப் போனேன். சாச்சிக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. முன்னுக்குப் பின்னாகச் சொல்கிறார். ஈராக் சிப்பாய் ஒருவன் கதவைத் தட்டி ரொட்டி கேட்டானாம். “சின்னப் பொடியன் மகன். சப்பாத்து கிழிஞ்சி ஈந்த. டீயும் ஊத்திக் குடுத்த. அடுத்த நாள் அவன்தான் வந்து டீவிய தூக்கிட்டுப் போன.” இந்த ஒரு சிப்பாய் எம் கவிதைகள் எதிலும் இல்லை. அமெரிக்கத் தொலைக்காட்சி காட்டிய ஈராக்கியனும் இவனில்லை.

ருவைஷித் கூடாரத்தில் சாச்சியோடு இருந்தவர்கள் ஒன்பது பேர். அவர்களில் ஒருத்தி காத்தான்குடிப் பிள்ளை. ஆகஸ்ட் 3இல் ஊரில் நடந்தது அவளுக்கு அந்தப் பாலைவனத்தில்தான் தெரிய வந்ததாம். யாரோ ஒருவரின் ரேடியோவில் கேட்டவர்கள் வந்து சொன்னார்கள். அவளுடைய வாப்பாவும் நானாவும் வழமையாக இஷாவுக்கு அந்தப் பள்ளிக்கே போகிறவர்கள். பெயர் விபரம் ஒன்றும் இல்லை. விமானத்துக்குப் பெயர் எழுத வந்தவர் இலங்கையில் எங்கே போகவேண்டும் என்று கேட்டபோது அவள் வாய் திறக்கவில்லையாம்.

“அப்பொறம்?” என்றேன்.

“அவக்கு முந்தின பிளேனுல எங்களுக்கு எடம் கெடச்ச மகன்” என்றார் சாச்சி.