மேற்கோள் எண்ணிக்கையும் ராமச்சந்திரன் வரைபடமும்

தொண்டியிலிருந்து எங்கள் கல்லூரிக்குப் பேருந்தில் வரும் மாணவன் ஒருவன், மூலக்கூறு உயிரியலில் ஆராய்ச்சி செய்ய விரும்புகிறான். சென்ற மாதம் என்னிடம் ஒரு தாளை நீட்டினான். பத்துப் பேராசிரியர்களின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஓர் எண். "சார், எண் அதிகமாக உள்ளவரிடம் சேர்ந்துவிடலாமா?" என்றான். அவர்கள் எதை ஆராய்கிறார்கள் என்பது பற்றித் தாளில் ஒரு வரியும் இல்லை.

அந்த எண் என்ன? ஆய்வுக் கட்டுரை எழுதுவோர், தமக்கு முன் அப்பொருளில் உழைத்தவர்களின் கட்டுரைகளைக் குறிப்பிடுவர். இதுவே மேற்கோள். இவற்றைத் திரட்டி அட்டவணையாக 1960களில் வெளியிட்டவர் அமெரிக்காவின் யூஜின் கார்ஃபீல்டு. வேண்டிய கட்டுரையைத் தேடிக் கண்டுபிடிக்க உதவிய அந்த அட்டவணை, நாளடைவில் ஆளை அளக்கும் கோலாகிவிட்டது. 2005இல் ஹோர்கே ஹிர்ஷ் என்ற இயற்பியலறிஞர் (நம் துறைக்காரர்தான்!) ஹெச் எண் என்பதை வகுத்தார். ஒருவரின் கட்டுரைகளில் 20, தலா 20 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எண் குறைந்தது 20.

இக்கோலைக் கொண்டு ஜி.என். ராமச்சந்திரனை அளந்து பாருங்கள். 1922இல் பிறந்த அவர், 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவரானார். கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பை ஆராயத் தொடங்கினார். தொண்டிக் கரையில் காயும் மீனின் தோலிலும், நம் எலும்பிலும் தசைநாணிலும் இருப்பது இப்புரதமே. கங்காரு வாலின் தசைநாணில் எக்ஸ் கதிர்களைச் செலுத்திக் கிடைத்த படங்களைக் கொண்டு, கொலாஜன் மூன்று இழைகள் சேர்ந்த திருகுக் கயிறு என்று அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 1955ஆம் ஆண்டுகளில் கூறினர்.

மறுப்பும் உடனே வந்தது. கிரிக்கும் ரிச்சும் 1955இல் வேறோர் அமைப்பை வெளியிட்டனர். மூன்று இழை என்பதில் மாற்றமில்லை. ஆனால் சென்னை மாதிரியில் சில அணுக்கள் ஒன்றையொன்று நெருக்குகின்றன, ஹைட்ரஜன் பிணைப்புகளும் கூடுதல் என்றனர். இம்மறுப்பில் நியாயம் இருந்தது. மறுப்பதற்காகக் குறிப்பிட்டாலும் மேற்கோள் பட்டியலில் அது ஒன்றுதான். பாராட்டிக் குறிப்பிட்டாலும் ஒன்றுதான்!

ராமச்சந்திரன் செய்ததைக் கவனியுங்கள். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதையே ஆராயத் தலைப்பட்டார். அறியப்பட்டிருந்த படிகங்களிலிருந்து அந்தக் குறைந்தபட்சத் தூரங்களைத் திரட்டினார். புரதச் சங்கிலியில் ஒவ்வொரு ஆல்ஃபா கார்பனுக்கும் இருபுறமும் உள்ள இரு பிணைப்புகள் சுழலக்கூடியவை. அவற்றின் கோணங்கள் ஃபை, சை. ஒன்றைக் கிடை அச்சிலும் மற்றதை நெடு அச்சிலும் குறித்து, எந்தக் கோணங்களில் அணுக்கள் மோதுகின்றன என்று கணக்கிட்டால் கட்டத்தின் பெரும்பகுதி விலக்கப்பட்ட நிலமாகிவிடுகிறது. சில தீவுகளே எஞ்சுகின்றன. 1963இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் ஐந்தே பக்கங்களில் இதை வெளியிட்டார். மூவர் உழைப்புக்கு ஒருவர் பெயரே நிலைத்தது என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

அன்று அமைப்பு அறியப்பட்ட புரதங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. இன்று புரதத் தரவு வங்கியில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் உள்ளன. புதிதாக ஒன்றைக் கண்டறிபவர் அதை இவ்வரைபடத்தில் இட்டுச் சரிபார்க்கிறார். ஆனால் அவர்களில் பலர் மூலக்கட்டுரையைக் குறிப்பிடுவதில்லை. ராமச்சந்திரன் வரைபடம் என்று எழுதிவிட்டு மேலே போய்விடுகிறார்கள். நாம் ஓமின் விதியைப் பயன்படுத்தும்போது ஓமின் நூலையா குறிப்பிடுகிறோம்? பொதுச்சொத்தாகிவிட்ட கருத்து மேற்கோளிலிருந்து மறைவதைச் சமூகவியலறிஞர் ராபர்ட் மெர்ட்டனும் விளக்கியிருக்கிறார். ஆக, ஒரு கண்டுபிடிப்பு முழு வெற்றி பெறும் இடத்தில்தான் இந்த அளவுகோல் கண்ணை மூடிக்கொள்கிறது.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். ஒரு கரைசலில் புரதம் எவ்வளவு உள்ளது என்று அளக்கும் முறையை லௌரி குழுவினர் 1951இல் வெளியிட்டனர். அக்கட்டுரை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்களைப் பெற்றுவிட்டது. டி.என்.ஏ.யின் அமைப்பைச் சொன்ன 1953ஆம் ஆண்டு வாட்சன்–கிரிக் கட்டுரையோ, 2014இல் எடுத்த கணக்கில் முதல் நூறில்கூட இல்லை. லௌரியின் முறை பயனுள்ளதே. ஆய்வகத்தில் அடுப்பும் பயனுள்ளதுதான்.

இந்த எண்கள் முற்றும் வீண் என்று சொல்லமாட்டேன். ஒரே துறையில், ஒரே வயதினரின் கட்டுரைகளைப் பிறர் படிக்கிறார்களா என்பதற்கு ஓரளவு சான்றாகும். துறை மாறினால் அதுவும் போயிற்று. இயற்பியலில் ஆளில்லாத மூலையில் உழைப்பவருக்கு மேற்கோள் காட்டவே ஆள் இராது.

மாணவனிடம் தாளைத் திருப்பிக் கொடுத்து, பத்துப் பேரில் எவரேனும் இருவருடைய கட்டுரைகளில் ஒவ்வொன்றைப் படித்துவிட்டு வா என்றேன். கடினமாக இருக்கிறதாம். அதனால் முதலில் 1963ஆம் ஆண்டின் அந்த ஐந்து பக்கங்களைக் கொடுத்திருக்கிறேன். மூன்றாம் பக்கத்தில் ஏதோ ஐயமாம், சனிக்கிழமை வருகிறான்.