நிகழ்நேரக் கணினியில் வரைகலைசார் தாமதம்: லினக்ஸ்சிஎன்சி ஆவணத்தின் தாமதச் சோதனைப் பகுதி குறித்த திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

எந்திரங்களைக் கணினிவழி இயக்கும் லினக்ஸ்சிஎன்சி மென்பொருளின் ஆவணத்தில் உள்ள தாமதச் சோதனைப் பகுதி, ஒரு கணினி நிகழ்நேரப் பணிக்குத் தகுமா என்பதை அளந்தறிய வழிகாட்டுகிறது. தாமதத்தின் அளவைக் காட்டுவதில் அப்பகுதி தெளிவாக உள்ளது. வரைகலைப் பணியோடு சேர்ந்து தோன்றும் தாமதத்தின் காரணத்தைக் காண்பதில் குறைவுபட்டு நிற்கிறது. தாமதம் எவ்வளவு என்பதோடு எப்போது நேர்கிறது என்றும் வினவ வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: நிகழ்நேரம், தாமதம், நடுக்கம், வரைகலை இயக்கி, லினக்ஸ்சிஎன்சி, தொழில்நுட்ப ஆவணம்

முன்னுரை

லினக்ஸ்சிஎன்சி, அமெரிக்காவின் தேசியத் தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய எந்திரக் கட்டுப்பாட்டு மென்பொருளின் வழிவந்தது. கடைசல், துருவல் முதலிய எந்திரங்களை இதன் துணையால் சாதாரண மேசைக் கணினி கொண்டே இயக்கலாம். அக்கணினி இரு பணிகளை ஏற்கிறது. ஒருபுறம், வெட்டுக்கருவி செல்லும் பாதையைத் திரையில் வரைகிறது. மறுபுறம், மோட்டார்களுக்குரிய துடிப்புகளை மைக்ரோ விநாடிக் கணக்கில் அனுப்புகிறது. முதற்பணி சற்றே பிந்தினால் தீங்கில்லை. இரண்டாம் பணி பிந்தினால் வெட்டப்படும் பொருள் பழுதாகும். இவ்விரண்டும் மோதுமிடத்தில் தோன்றுவதே வரைகலைசார் தாமதம். லினக்ஸ் கெர்னலை நிகழ்நேரத் தன்மையுடையதாக்கும் பிரீஎம்ட் ஆர்டி திருத்தங்கள் 2024ஆம் ஆண்டு 6.12ஆம் பதிப்பில் முதன்மைக் கெர்னலோடு இணைந்தன. நிகழ்நேரக் கெர்னல் பொதுவுடைமையாகிவிட்ட சூழலில், அது தீர்க்காமல் விடும் தாமதங்களை அறிய வேண்டிய தேவை மிகுந்துள்ளது.

சொல்லும் பொருளும்

தமிழில் ‘நிகழ்நேரம்’ என்னும் சொல், நேரலை ஒளிபரப்பைப் போல ‘உடனுக்குடன்’ என்ற பொருளையே வாசகர் மனத்தில் எழுப்புகிறது. கணினியியலில் அச்சொல் விரைவைக் குறிப்பதன்று. குறித்த கெடுவுக்குள் ஒவ்வொரு முறையும் விடையளிக்கும் உறுதியைக் குறிப்பது. விரைவு எனப் பொருள் கொள்பவர் சராசரியை நோக்குவர். கெடு எனப் பொருள் கொள்பவர் உச்சத்தை நோக்குவர். இலட்சம் முறை உரிய நேரத்தில் சென்ற துடிப்பு ஒருமுறை தவறினும் கெடு தவறியதே ஆகும்.

இவ்வேறுபாட்டை ஆவணம் நன்கு உணர்த்துகிறது. ஒவ்வொரு முறையும் 10 மைக்ரோ விநாடிக்குள் குறுக்கீட்டுக்கு விடையளிக்கும் பழைய பென்டியம் 2 கணினி, பின்னர் வந்த விரைவான பென்டியம் 4 கணினியைவிட மேலான பயன் தரக்கூடும் என்பது அதன் கருத்து. வரையறையைக் கூறாமல் எடுத்துக்காட்டால் பொருளை நிலைநிறுத்தும் இம்முறை பாராட்டத்தக்கது.

அளவீட்டின் நிறை

சோதனை நடைபெறும்போது சாளரங்களை நகர்த்துதல், பெரிய கோப்புகளைப் படியெடுத்தல், இசை கேட்டல், ஜிஎல்எக்ஸ்கியர்ஸ் என்னும் வரைகலை நிரலை இயக்குதல் ஆகியவற்றால் கணினியை வருத்த வேண்டும் என்கிறது ஆவணம். உரிய நேரத்திலிருந்து விலகும் அளவாகிய நடுக்கம், உச்சநிலையில் 15 முதல் 20 மைக்ரோ விநாடிக்குள் இருந்தால் மென்பொருள்வழித் துடிப்புக்குக் கணினி மிகவும் ஏற்றது. 30 முதல் 50 வரை இருந்தால் பயன்படும். 100ஐ எட்டினால் ஏற்றதன்று என அது வகைப்படுத்துகிறது.

இவ்வெண்களின் பொருளைக் கணக்கிட்டு உணரலாம். அடிப்படைக் கால அளவு 50 மைக்ரோ விநாடி எனின், ஒரு துடிப்பு எழவும் விழவும் இரு கால அளவுகள் வேண்டும். எனவே விநாடிக்கு 10,000 துடிப்புகளே இயலும். ஒரு சுற்றுக்கு 2,000 துடிப்புகள் வேண்டும் ஸ்டெப்பர் மோட்டார், சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்தும் திருகுத்தண்டை இயக்கினால், விநாடிக்கு 25 மில்லிமீட்டரே உச்ச வேகம். தாமதம் கருதிக் கால அளவை 100 ஆக்கினால் அவ்வேகம் பாதியாகும். கால அளவை உயர்த்தாமல் விட்டாலோ, பிந்திய துடிப்பால் மோட்டார் படி தவறக்கூடும். பின்னூட்டமற்ற அமைப்பில் அத்தவறு திருத்தப்படாமல் எஞ்சிய வெட்டு முழுவதும் தொடரும்.

காரணமும் உடனிகழ்வும்

ஆவணத்தின் குறை இதன் பின்னரே தொடங்குகிறது. எல்லாச் சுமைகளையும் ஒருங்கே ஏற்றிப் பெறும் ஓர் உச்ச எண், கணினி தகுதியற்றது என்று மட்டுமே கூறும்; ஏன் என்று கூறாது. தாய்ப்பலகை, வரைகலை அட்டை, யுஎஸ்பி ஆகியன தாமதம் தரலாம் என்று பட்டியலிடும் ஆவணம், அவற்றைப் பிரித்தறியும் முறையை அவ்விடத்தில் வளர்த்தெடுக்கவில்லை. கண்முன் அசையும் திரையின்மீதே பயனர் பழி சுமத்துவதும், வரைகலை அட்டையை மாற்றுவதையே முதல் தீர்வாகக் கொள்வதும் இதன் விளைவுகள்.

வரைகலையால் தாமதம் நேரும் வழிகள் ஒன்றல்ல. இயக்கி, குறுக்கீடுகளை நிறுத்திவைத்துப் பணியாற்றலாம். அட்டையின் கட்டளை வரிசை நிரம்பியிருக்கும்போது மேலும் எழுத முயன்றால், மையச்செயலகம் இடைவழியில் காத்து நிற்கும். கேஷ் நினைவகம் முழுவதையும் வெளியேற்றும் கட்டளை, முடியும்வரை குறுக்கீட்டுக்கு இடந்தராது. தாய்ப்பலகையோடு ஒன்றிய வரைகலை, முதன்மை நினைவகத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். முதல்வகையைக் கெர்னல் திருத்தத்தால் குறைக்கலாம். ஏனையவை கெர்னலின் ஆட்சிக்குக் கீழுள்ள வன்பொருள் நிலையில் நிகழ்வன.

வரைகலை, தாமதத்தின் உடனிகழ்வு மட்டுமாகவும் இருக்கக்கூடும். சில கணினிகளில் வரைகலைச் சுமை ஏறும்போது தாமதம் குறைவதுண்டு. செயலற்றிருக்கும் மையச்செயலகம் ஆழ்ந்த உறக்கநிலைக்குச் சென்று மீள நேரம் எடுத்துக்கொள்வதும், சுமை அதை விழித்திருக்கச் செய்வதும் அதற்குக் காரணம். சுமையும் தாமதமும் சேர்ந்து மாறுவதைக் கொண்டே காரணத்தை முடிவு செய்தல் பொருந்தாது என்பதற்கு இது போதிய சான்று.

எப்போது என்னும் வினா

காரணத்தைக் காணும் வழியின் வித்து ஆவணத்திலேயே உள்ளது. ஓர் இன்டெல் தாய்ப்பலகை பெரும்பாலும் நன்கு இயங்கி, 64 விநாடிகளுக்கு ஒருமுறை மட்டும் 300 மைக்ரோ விநாடித் தாமதம் தந்ததாக அது குறிப்பிடுகிறது. நிலைபொருள் எழுப்பும் மேலாண்மைக் குறுக்கீட்டைச் சரிசெய்யும் பகுதிக்கும் வழிகாட்டுகிறது. இங்கு நோயைக் காட்டியது 300 என்னும் அளவன்று. 64 என்னும் தாளம். பயனரின் கையசைவுக்கு அத்தகைய ஒழுங்கு இராது. 60 ஹெர்ட்ஸ் திரையில் வரைகலைப் பணி 16.7 மில்லிவிநாடியின் மடங்குகளில் நிகழும். தாமதமும் அத்தாளத்தில் தோன்றினால் வரைகலையை ஐயுறலாம்.

ஆனால் இவ்வெடுத்துக்காட்டை ஆவணம், சோதனையை நெடுநேரம் நடத்த வேண்டும் என்பதற்குச் சான்றாக மட்டுமே பயன்படுத்துகிறது. மென்பொருளோடு வரும் பரவல் வரைபடம் எத்தனை முறை என்பதைக் காட்டும்; நிகழ்ந்த வரிசையை இழந்துவிடும். கால வரிசையில் தாமதத்தை வரையும் கருவியும் உடன் உள்ளது. எனினும் தகுதி குறித்த தீர்ப்பு உச்ச எண்ணின்மீதே அமைகிறது.

இதற்கு மாற்றாகப் படிமுறைச் சோதனை ஒன்றை முன்வைக்கலாம். முதலில் வரைகலைத் திரையின்றி அளத்தல். அடுத்து வட்டுச் சுமை. பின்னர் வலையமைப்புச் சுமை. இறுதியாக வரைகலை என ஒவ்வொன்றாகச் சேர்த்தல் வேண்டும். அதே அட்டையில் எளிய இயக்கிக்கு மாறியதும் தாமதம் நீங்கினால், அட்டையைவிட இயக்கியே ஐயத்துக்குரியது. தனி அட்டை பொருத்திய பின்னரே நீங்கினால், நினைவகப் பங்கீடு ஐயத்துக்குரியது. எம்மாற்றத்துக்கும் அசையாத தாமதத்தை நிலைபொருளில் தேட வேண்டும். வரம்பு மீறிய கணத்திலேயே பதிவை நிறுத்தும் வசதி சைக்ளிக்டெஸ்ட் கருவிக்கு உண்டு. கெர்னலின் எப்டிரேஸ் பதிவோடு அதை இணைத்தால், அக்கணத்தில் இயங்கிய செயற்கூற்றை அறியலாம்.

முடிவுரை

தாமதச் சோதனைப் பகுதி, உச்சத்தை நோக்கக் கற்பிக்கும் சிறந்த அறிமுகம். எனினும் தகுதி காணும் சோதனையும் காரணம் காணும் ஆய்வும் வேறுவேறு என்பதை அது வாசகருக்குத் தெளிவுறுத்தவில்லை. வரைகலை அட்டையை மாற்றியபின் தாமதம் மறைந்தாலும், அம்மாற்றத்தால் இயக்கியும் நினைவகப் பயன்பாடும் உடன் மாறியிருப்பதால், காரணம் அறியப்பட்டதாகாது. தமிழில் இத்துறை ஆவணங்களை எழுதுவோரும் பெயர்ப்போரும் ‘நிகழ்நேரம்’ என்னும் சொல்லைக் கெடு என்னும் பொருளோடு விளக்கி ஆளுதல் வேண்டும். தாமதத்தின் அளவோடு அதன் காலக்குறிப்பையும் சான்றாகக் கொள்ளும் முறையை முதல் அதிகாரத்திலேயே வைத்தல் வேண்டும்.