இழந்த பாதியும் மீண்ட பாதியும்

அலெக்சாந்தர் லூரியா 1971-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலின் ருஷ்யப் பெயர், இழந்து பின் மீட்கப்பட்ட உலகு என்று பொருள்படும். மறு ஆண்டு ஆங்கிலத்திற்குச் சென்றபோது அது சிதறிய உலகினையுடைய மனிதன் என்றாயிற்று. பெயரில் என்ன இருக்கிறதென்று சிலர் கேட்கலாம். மீட்சி என்ற பாதி வழியிலே உதிர்ந்து விட்டது. நமக்கு வேண்டியதோ அந்தப் பாதிதான்.

1943 மார்ச் மாதம், ஸ்மோலென்ஸ்க் பகுதிப் போரிலே 23 வயதுடைய இளம் அதிகாரி ஒருவரின் மண்டையோட்டைக் குண்டு துளைத்தது. மூளையின் இடப்பக்கப் பின்பகுதி சிதைந்தது. லெவ் சசெத்ஸ்கி என்ற அவர் போருக்கு முன் பொறியியல் பயின்ற மாணவர். வலப்புறத்தே உள்ளவை அவர் கண்ணுக்கு மறைந்தன, எழுத்துக்கள் அந்நியமாயின, தம் கைகால்கள் எங்கிருக்கின்றன என்பதே சில வேளைகளில் விளங்கவில்லை. யானையையும் அறிவார், ஈயையும் அறிவார். ஆனால் எது எதனிலும் பெரிது என்று ஒரே வாக்கியத்திற் கேட்டால் திகைப்பார். 'தாயின் மகள்', 'மகளின் தாய்' ஆகிய இரண்டும் ஒன்றா வேறா என்பதும் அவருக்குப் புதிரே. ஆறாம் வேற்றுமையைச் சூத்திரமாக ஒப்புவிக்கச் செய்யும் நம் ஆசிரியர்கள் இப்பகுதியை அவசியம் வாசிக்க வேண்டும். ஒரு சிறு உருபு எத்துணைப் பெரிய மனவேலையைச் செய்கிறதென்பது, அது பழுதுபட்ட இடத்திலேதான் புலனாகிறது.

கொடுமை என்னவெனில், மூளையின் முன்பகுதி சேதமுறவில்லை. எனவே தாம் இழந்தது இன்னதென்று அவர் முற்றாக உணர்ந்திருந்தார். விருப்பமும் திட்டமும் குன்றவில்லை. அவற்றை நிறைவேற்றும் கருவிகளே முறிந்து கிடந்தன.

யுத்த காலத்தில் யூரல் பகுதியிலே மூளைக்காயமுற்றோருக்கான புனர்வாழ்வு வைத்தியசாலையொன்றை நடத்தியவர் லூரியா. எழுதுதலும் வாசித்தலும் மூளையின் ஒரே மூலையில் எரியும் விளக்குகள் அல்ல. பல பகுதிகள் கூடி உழைக்கும் கூட்டுவேலைகள் என்பது அவர் கொள்கை. ஒரு பகுதி அழிந்தால் எஞ்சியவற்றைக் கொண்டு வேலையை வேறு வழியாக ஒழுங்கமைக்கலாம். இது வெறும் கோட்பாடன்று. எழுத்தெழுத்தாக எழுத முயன்று தோற்ற சசெத்ஸ்கியிடம், கையைத் தாளிலிருந்து எடுக்காமல் ஒரே மூச்சில் எழுதும்படி வைத்தியர் ஒருவர் கூறினார். 'இரத்தம்' என்ற சொல்லைச் சில முறை சொல்லிப் பார்த்துவிட்டு அவர் எழுதியே விட்டார். கண் மறந்ததைக் கையின் பழக்கம் மறக்கவில்லை. ஆனால் எழுதியதை வாசிக்க முடியவில்லை. அந்நிலையிலேயே கால் நூற்றாண்டுக்கு மேலாக ஏறத்தாழ 3000 பக்கங்களை அவர் எழுதினார். ஒரு நாள் முழுதும் உழைத்து அரைப் பக்கம் எழுதினால் அது நல்ல நாள்.

நோயாளியின் குறிப்புக்களையும் தம் விளக்கங்களையும் மாறி மாறித் தருகிறார் லூரியா. மூளை பற்றிய விளக்கங்கள் கதையோட்டத்தைத் தடுக்கின்றன என்று குறை கூறுவோர் உளர். நாம் அதனை ஏற்கவில்லை. அவை இல்லாவிடின் இந்நூல் கண்ணீர்க் கதையாகச் சுருங்கியிருக்கும்.

நமது குறை வேறு. தனிமனிதனின் மனவுறுதி இங்கே ஓங்கி நிற்கிறது. அவரைத் தாங்கிய உழைப்பு மங்கித் தெரிகிறது. வைத்தியசாலையில் அரிச்சுவடி தொட்டுக் கற்பித்த ஆசிரியை, வீட்டிலே தாய், சகோதரிகள், இவர்கள் வந்து போகிறார்கள். ஒரு வேலை சொல்லி, அவர் அதை வழியிலேயே மறந்து வெறுங்கையுடன் திரும்ப, மீண்டும் சொல்லும் தாயின் நாட்கள் எத்தகையவை? அந்த உழைப்பும் சிகிச்சையின் ஒரு பகுதியே. விஞ்ஞானி அதனை ஆராய்ந்திருக்க வேண்டும்.

இந்நூலைச் சோவியத் விஞ்ஞானத்தின் வெற்றி என்று மட்டும் பாராட்டும் நண்பர்களும் ஒன்றை நினைவிற் கொள்ளல் நன்று. இத்தகைய நோயாளிகளிடையே உழைத்த இதே லூரியா, 1950-களின் தொடக்கத்தில், பவ்லோவின் பெயரால் நடந்த கெடுபிடிகளிடையே நரம்பு அறுவைச் சிகிச்சை நிலையத்தில் தம் பணியை இழந்தார். சில ஆண்டுகள் கழிந்தே அத்துறைக்கு மீண்டார். அதுபற்றி இந்நூல் வாய் திறக்கவில்லை.

சசெத்ஸ்கி முழுமையாகக் குணமடையவில்லை. படித்த கணிதம் திரும்பவில்லை. வாக்கியங்களின் முடிச்சுக்கள் அவிழவில்லை. மீட்சி என்று லூரியா குறிப்பது முந்திய நிலைக்குத் திரும்புவதையன்று. பயங்கர மூளைக்காயம் ஒன்றின் கதை என்று தம் குறிப்பேட்டுக்கு முதலில் பெயரிட்ட சசெத்ஸ்கி, பின்னர் அதனை அடித்துவிட்டு, போராட்டத்தைத் தொடர்வேன் என்ற பொருளில் மாற்றினார். முன்னைய பக்கங்களை எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசிக்க வேண்டியிருந்ததால், அதே கதையை மீண்டும் மீண்டும் தொடக்கத்திலிருந்தே எழுதினார்.