குலானை முதலில் பாருங்கள்

மலிவான சீட்டுக்கட்டைப் பிரித்ததும் கண் நேரே இஸ்பேடு ஆஸுக்குப் போகும். மற்ற ஆஸ்களில் இல்லாத சுருளும் கொடியும் அதில்தான் இருக்கும். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், வரி கட்டியதற்கான முத்திரையை அந்தச் சீட்டில் போட்டார்கள். வரி 1960இல் போனது, அலங்காரம் தங்கிவிட்டது. பார்க்க அழகுதான். ஆனால் கேரளத்தின் ஆலுவாவில் 56 என்ற சீட்டாட்டம் ஆட உட்காருகிறவருக்கு அது 1 புள்ளிச் சீட்டு, அவ்வளவே.

கேரளத்தின் 56, 28 இரண்டு ஆட்டத்திலும் பெரியவர் குலான், அதாவது நம் ஜாக்கி. அவருக்கு 3 புள்ளி, ஒன்பதுக்கு 2, ஆஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. ராஜாவுக்கும் ராணிக்கும் ஒன்றும் கிடையாது. யாழ்ப்பாணத்தார் ஆடும் 304இலும் ஜாக்கிதான் தலை. ஆகவே ரசனையைக் குலானிலிருந்து தொடங்குங்கள். இஸ்பேடு, ஆட்டின் குலான்கள் முகத்தைத் திருப்பியிருப்பார்கள், ஒரு கண்தான் தெரியும். கிளாவருக்கும் டைமனுக்கும் இரண்டு கண்ணும் உண்டு. தொப்பியின் ஓரத்தை உற்றுப் பாருங்கள். மஞ்சள் நிறம் கறுப்புக் கோட்டைத் தாண்டி மயிரிழை விலகியிருந்தால் அச்சில் அவசரம் என்று அர்த்தம்.

பிறகு முதுகு. ஒரு கட்டின் தரத்தைச் சொல்வது முதுகுதான் என்பேன். 28இல் ஏலம் எடுத்தவர் துருப்புச் சீட்டைக் கவிழ்த்து வைப்பார். அது இஸ்பேடா கிளாவரா என்று கேட்டுத் திறக்கும்வரை மற்றவர்களுக்குத் தெரியக் கூடாது. முதுகில் ஒரு டீக்கறை போதும், ரகசியம் போச்சு. நெருக்கமான பின்னல் கோலம் விரல் அழுக்கை விழுங்கிவிடுகிறது. தலைகீழாகப் பிடித்தாலும் அதே கோலம். சுற்றியுள்ள வெள்ளைக் கரை எல்லாச் சீட்டிலும் ஒரே அகலமா என்று பாருங்கள். ஒன்றில் மட்டும் ஒல்லியாக இருந்தால் தேர்ந்த ஆட்டக்காரர் கண் அதைப் பிடித்துவிடும். வெளிச்சத்துக்கு எதிரேயும் பிடியுங்கள். உயர்ந்த ரகச் சீட்டுகளில் இரு தாளுக்கு நடுவே கறுப்புப் பசை இருக்கும், ஒளி புகாது. குலானின் நிழல் முதுகில் தெரிகிற கட்டை 28க்கு எடுக்கவே வேண்டாம்.

பெட்டி மெல்லிய அட்டைதான், மூடியின் நாக்கு முதலில் கிழியும். அதிலும் ஒரு நல்ல யோசனை உண்டு: முதுகின் கோலத்தையே வெளியில் அச்சிடுவது. 56க்கு இரண்டு கட்டைக் கலக்க வேண்டும், இரண்டும் ஒரே நிறம், ஒரே கோலமாக இருந்தாக வேண்டும். சிவப்பும் நீலமுமாக ஜோடி சேர்த்து விற்பது இங்கே உதவாது. வெளியிலேயே கோலம் இருந்தால் பிரிக்காமல் பொருத்திப் பார்த்து வாங்கலாம்.

ஆறு பேர் ஆடும் 56இல் ஆளுக்கு 8 என 48 சீட்டு. இரண்டு முதல் எட்டு வரை எல்லாம் பெட்டியிலேயே கிடக்கும். நாள்பட்ட கட்டு கிடைத்தால் அதன் குலானையும் இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தடவிப் பாருங்கள். குலானில் கட்டைவிரல் படும் மூலையில் பூச்சு போய்த் தாள் பஞ்சுபோலாகியிருக்கும், இரண்டு வழவழவென்றே இருக்கும். அந்த மூலை எவ்வளவு காலம் தாங்கியது என்று ஆடியவர்களிடம் கேட்டுவிட்டு அடுத்த கட்டை வாங்குங்கள்.