யாருக்கு வேண்டும்?

ஆங்கில இலக்கணம் கற்பிக்கும் நூல்களில் துணைவினைகளுக்கென்று ஓர் அத்தியாயம் தவறாமல் இருக்கும். மஸ்ட் என்றால் கட்டாயம். ஹேவ் டு என்றால் வெளியிலிருந்து வரும் நிர்ப்பந்தம். ஆட் டு என்றால் அறக்கடமை. ஷுட் என்றால் அறிவுரை. இவற்றை மாணவர்கள் வாய்ப்பாடுபோல மனப்பாடம் செய்கிறார்கள். ஒரு கட்டாயம் எவ்வளவு வலுவானது என்பதை அந்த அத்தியாயம் அளந்து காட்டுகிறது. கட்டாயப்படுத்துவது யார் என்று அது கேட்பதே இல்லை.

ஓரிடத்தில் மட்டும் அந்தக் கேள்வி தலைகாட்டி மறைகிறது. பேசுபவர் தன் பொறுப்பில் விதிப்பது மஸ்ட், வேறெங்கோ விதிக்கப்பட்டதை எடுத்துச் சொல்வது ஹேவ் டு என்று அந்நூல்கள் வேறுபடுத்தும். "நானாம்மா சொல்றேன்? ஊரு உலகத்துல இல்லாததையா கேக்குறோம்?" என்று மருமகளிடம் பேசும் குடும்பத்துக்கு இந்த வேறுபாடு இலக்கணம் படிக்காமலே தெரியும். தன் விருப்பத்தை ஊரின் விதியாக மாற்றிச் சொல்லிவிட்டால், பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு யாருக்கும் இல்லை.

இந்த ஆங்கிலச் சொற்களின் வேரைத் தேடிப் போனால் கணக்குப் புத்தகம் ஒன்று திறக்கிறது. ஷேல் என்ற வினைக்குப் பழைய ஆங்கிலத்தில் கடன்பட்டிருத்தல் என்று பொருள். ஷுட் அதன் இறந்தகால வடிவம். ஆட் என்பதும் கடன்படுதலைக் குறிக்கும் 'ஓ' என்ற வினையின் பழைய இறந்தகாலம்தான். உடைமையாகக் கொள்வதைக் குறிக்கும் 'ஓன்' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து பிறந்தது. மஸ்ட்டின் கதை இன்னும் சுவையானது. அனுமதியைக் குறித்த ஒரு வினையிலிருந்து வந்து, காலப்போக்கில் கட்டாயமாக இறுகிப்போன சொல் அது. இது பெண்களுக்குப் புதிய கதை இல்லை. வேலைக்குப் போகலாம் என்று பெருந்தன்மையோடு அனுமதித்த வீடு, சில ஆண்டுகளில் சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுத்தாக வேண்டும் என்கிறது.

கடனையும் கடமையையும் ஒன்றாகப் பார்ப்பதில் தமிழும் பின்தங்கவில்லை. புறநானூற்றின் 312ஆம் பாடலில் பொன்முடியார் தாய், தந்தை, கொல்லன், வேந்தன், மகன் என ஐவருக்கும் கடனைப் பங்கிட்டுக் கொடுக்கிறார். பெற்று வளர்ப்பது தாயின் பங்கு. போருக்குப் போவது மகனின் பங்கு. மறத்தின் பாட்டாகவே இதை நாம் வகுப்பறைகளில் கொண்டாடி வந்திருக்கிறோம். கணக்குப் பார்க்கும் கண்ணோடு படித்தால் இரண்டு இடங்கள் காலியாகத் தெரிகின்றன. ஐந்து பேர் கடனாளிகளாக நிற்கும் அந்தப் பாட்டில் கடன் கொடுத்தவர் யார் என்ற விவரம் இல்லை. மகளைப் பற்றிய பேச்சும் இல்லை. அவள் வளர்ந்து, பெற்று, தாயான பிறகுதான் அந்தக் கணக்கில் அவளுக்குப் பெயர் விழும்.

ஆனால் அன்றாடத் தமிழில் நாம் கட்டாயத்தைச் சொல்லும் சொல் கடனிலிருந்து வரவில்லை. வேண்டுதல் என்றால் விரும்புதல், இரந்து கேட்டல். "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்ற வாக்கியத்தில் விரும்புகிறவர் யார் என்பது நான்காம் வேற்றுமையில் வெளிப்படையாக நிற்கிறது. "நீ சீக்கிரம் வீட்டுக்கு வர வேண்டும்" என்ற வாக்கியத்தில் அந்த வேற்றுமை காணாமல் போகிறது. வர வேண்டியவள் மட்டும் எழுவாயாக மிஞ்சுகிறாள். விருப்பம் இருக்கிறது, விரும்பியவரைக் காணவில்லை. "பெண் என்றால் பொறுமை வேண்டும்" என்ற அறிவுரையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பொறுமை யாருக்கு வேண்டும்? அவளுக்கா, அவள் பொறுமையால் பயனடைகிறவர்களுக்கா? மறைந்துபோன அந்த 'கு' உருபைத் தேடிக் கண்டுபிடிப்பதைப் பெண்ணிய வாசிப்பின் முதல் வேலையாகச் சொல்வேன்.

தடை விதிக்கும்போது மறைப்பு இன்னும் நுட்பமாகிறது. கூடும் என்றால் இயலும். மழை வரக்கூடும் என்கிறோம். அதன் எதிர்மறையான கூடாது, இயலாது என்ற பொருளைத் தாண்டி விலக்கைச் சொல்லும் சொல்லாகிவிட்டது. "எதிர்த்துப் பேசக் கூடாது" என்பதில் ஒருவர் இட்ட தடை, உலகத்தின் இயற்கைபோல உருமாறி நிற்கிறது. நான் அனுமதிக்க மாட்டேன் என்று ஒருவர் சொன்னால் அவரோடு வாதாடலாம். இயலாமையோடு எப்படி வாதாடுவது?

ஜமைக்கா கின்கெய்டின் 'கேர்ள்' 1978இல் நியூயார்க்கர் இதழில் வந்த மிகச் சிறிய கதை. ஒரு தாய் மகளுக்குச் சொல்லும் அறிவுரைகள் ஒரே நீண்ட வாக்கியமாக ஓடுகின்றன. துவைப்பது, சமைப்பது, தைப்பது, நடப்பது, சிரிப்பது எல்லாவற்றுக்கும் அதில் விதி உண்டு. மகள் இரண்டே இடங்களில் குறுக்கிடுகிறாள். கின்கெய்ட் அந்தத் தாயின் பேச்சைப் பெரும்பாலும் நேரான ஏவல்களாலேயே கட்டியிருக்கிறார். செய், செய்யாதே, இதை இப்படிச் செய்வது என்று அவள் சொல்லிக்கொண்டே போகிறாள். ஷுட் என்ற மெத்தை விரிக்கப்படாததால் ஆணையின் எலும்பு நமக்குத் தெரிகிறது. சொல்கிறவள் யார் என்பதும் தெரிகிறது. அவளும் இதே விதிகளுக்குள் வளர்ந்தவள் என்பதை வாசகர் உணர அந்த வெளிப்படைத்தன்மையே வழிசெய்கிறது. ஏவல் வினை முரட்டுத்தனமானது என்று நினைக்கிறோம். முகத்தை மறைக்காத நேர்மை அதற்கு உண்டு.

அறிவுரை இறந்தகாலத்துக்குப் போகும்போது பழியாகிறது. "அந்த நேரத்தில் போயிருக்கக் கூடாது." "முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்." தமிழின் இந்த இரண்டாவது வடிவத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆங்கிலம் மஸ்ட் ஹேவ், ஷுட் ஹேவ் என்று பெரும்பாலும் பிரித்துச் சொல்லும் ஊகத்தையும் கடமையையும் தமிழ் ஒரே சொல்லில் வைத்திருக்கிறது. "அவள் எதிர்த்திருக்க வேண்டும்" என்றால் எதிர்த்திருப்பாள் என்ற ஊகமா, எதிர்க்கத் தவறினாள் என்ற குற்றச்சாட்டா? இதை மொழியின் குறைபாடு என்று நான் நினைக்கவில்லை. ஒரு பெண் எப்படி நடந்துகொண்டிருப்பாள் என்று ஊகிப்பவர்கள், அவள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற தங்கள் விதியைத்தான் ஊகமாகச் சொல்கிறார்கள். தமிழ் வாக்கியம் அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

1972இல் மகாராஷ்டிரத்தில் காவல் நிலையத்துக்குள் ஓர் ஆதிவாசிச் சிறுமி வன்புணர்வுக்கு ஆளானாள். 1978இல் உச்ச நீதிமன்றம் இரண்டு காவலர்களையும் விடுவித்தது. அவள் உடலில் காயமில்லை, எதிர்த்த அடையாளமில்லை என்பது தீர்ப்பில் முக்கிய இடம் பெற்றது. எதிர்த்திருக்க வேண்டும் என்ற ஊகமே அங்கே தீர்ப்பானது. உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகிய நால்வரும் 1979இல் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள். பெண்கள் அமைப்புகள் தெருவுக்கு வந்தன. 1983இல் சட்டம் திருத்தப்பட்டது.

அந்தத் திருத்தத்தை இரண்டு ஆங்கிலத் துணைவினைகளின் கதையாகவும் படிக்கலாம். இந்தியச் சாட்சியச் சட்டம் அனுமானங்களை மே, ஷேல் என்ற சொற்களால் பிரித்தது. மே என்றால் நீதிமன்றம் அனுமானிக்கலாம். ஷேல் என்றால் அனுமானித்தே ஆக வேண்டும். திருமணமான ஏழு ஆண்டுகளுக்குள், கொடுமைக்கு ஆளான பெண் தற்கொலை செய்துகொண்டால், கணவரோ அவர் உறவினரோ தூண்டினார் என்று கருதுவதற்கு 1983இல் வந்த 113ஏ பிரிவு பயன்படுத்திய சொல் மே. வரதட்சணை மரணத்துக்காக 1986இல் வந்த 113பி பயன்படுத்திய சொல் ஷேல். இறந்துபோன பெண்ணின் பொருட்டு யார் எதை நிறுவ வேண்டும் என்பதை இந்த ஒற்றைச் சொல் மாற்றிவிடுகிறது.

1983இன் 114ஏ பிரிவு இன்னும் ஒரு படி மேலே போனது. காவலர்கள், அரசு ஊழியர்கள் போன்றோர் தம் அதிகாரத்துக்குள் செய்யும் வன்புணர்வு உள்ளிட்ட சில வகைகளில், உறவு நிரூபிக்கப்பட்டு, தான் சம்மதிக்கவில்லை என்று அந்தப் பெண் நீதிமன்றத்தில் சொன்னால், அவள் சம்மதிக்கவில்லை என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். இங்கும் ஷேல்தான். அதுவரை பெண்ணை நோக்கியே நீண்டுகொண்டிருந்த 'வேண்டும்' முதன்முறையாகத் திரும்பி நீதிபதியை நோக்கி நீள்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சாட்சியச் சட்டத்திலும் இப்பிரிவுகள் வேறு எண்களில் தொடர்கின்றன.

தமிழில் இந்தத் திருப்பத்துக்கு ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. வேண்டாம். எனக்கு விருப்பமில்லை என்பதும் செய்யாதே என்பதும் அதில் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. வேண்டும் என்ற சொல் விரும்பியவரை ஒளித்து வைக்கிறது. வேண்டாம் என்று ஒரு பெண் சொல்லும்போது விருப்பமும் அதைச் சொல்பவளும் ஆணையும் ஒரே இடத்தில் நிற்கின்றன. அந்தச் சொல்லை அவள் எங்கே சொன்னாலும் செல்லுமா? 18 வயது நிறைந்த மனைவி கணவனிடம் சொல்லும் வேண்டாம், பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவின் விதிவிலக்கால் இன்றும் வன்புணர்வுச் சட்டத்தின் காதில் விழுவதில்லை. அந்த விதிவிலக்கு யாருக்கு வேண்டும்?