ஸனத் இல்லாப் பகிர்வுகள்

திருகோணமலை நகர், கிண்ணியா, மூதூர் என்று கொட்டியாரக் குடாவைச் சுற்றி வாழும் நம்மவர்களிடையே வாட்ஸ்அப் குழு இல்லாத மஹல்லாவைக் காண்பது இன்று அரிது. ஜனாஸா அறிவித்தல், வைத்தியர் வரும் நாள், மௌலவியின் பயான், பழைய பள்ளிவாசலின் புகைப்படம், ஊர்ப் புலவரின் பாட்டு என எல்லாம் அதில்தான் வருகின்றன. முஸ்லிம்கள் தொழில்நுட்பத்துக்கு அஞ்சுகிறவர்கள் என்று மேடைகளில் சொல்லிவருவோருக்கு இதைவிட நல்ல பதில் வேண்டியதில்லை. ஆனால் அந்தக் குழுக்களில் இரண்டு வருடத்துக்கு முன் பகிரப்பட்ட ஒன்றை இன்று தேடிப் பாருங்கள். "அது என்ட பழைய போன்ல கிடந்திச்சி காக்கா, போன் பழுதாப் போச்சி" என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும்.

வேறு ஊர்களில் இது சிறு நட்டமாக இருக்கலாம். நமக்கு அப்படியல்ல. 2004 டிசம்பர் 26இல் கடல் கிண்ணியாவுக்குள்ளும் மூதூருக்குள்ளும் புகுந்தது. 2006 ஓகஸ்டில் மூதூர் முஸ்லிம்கள் போர் நடுவே உடுத்த உடையோடு வெளியேறினார்கள். வீடுகளிலிருந்த கிதாபுகளும் உறுதிகளும் கையெழுத்துப் பிரதிகளும் எத்தனை போயிருக்கும் என்பதை அந்தத் தலைமுறை அறியும். எஞ்சியிருப்பது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தை எப்படிப் பகிர்கிறோம் என்பதே என் கேள்வி.

நம்மிடையே தொழில்நுட்பம் பற்றி இரண்டு மனப்பாங்குகள் இருக்கின்றன. ஒன்று பெட்டகத்தைப் பூட்டி வைக்கும் பெரியவருடையது. வாப்பாவின் வாப்பா ஓதிய அரபுத்தமிழ்க் கிதாபு அவரிடம் இருக்கும். ஸ்கேன் பண்ணித் தருகிறோம் என்றால், "நெட்டில போட்டா கண்டவன்ட கைக்கும் போயிரும் தம்பி" என்பார். மற்றது எதையும் வந்த வேகத்தில் தள்ளிவிடும் இளைஞருடையது. "நல்ல விஷயம்தானே, அனுப்பினா நன்மைதானே" என்பது அவருடைய நியாயம்.

பெரியவரின் அச்சத்தைப் பத்தாம்பசலித்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் முஸ்லிம் உணவகமொன்றில் மலட்டு மாத்திரை கலப்பதாகப் பரவிய பொய், பள்ளிவாசல் தாக்கப்படும் அளவுக்குப் போனது. அடுத்த சில நாட்களில் திகன எரிந்தது. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின் நடந்த தேடுதல்களில் அரபு எழுத்திலிருந்த நூல்களே சந்தேகக் கண்ணோடு பார்க்கப்பட்டன. அரபு எழுத்தில் இருப்பது தமிழ்தான் என்று வாசலில் நிற்கும் சிப்பாய்க்கு யார் விளக்குவது? பகிர்வின் தீமையைக் கண்ணால் கண்டவர் பூட்டைத் தேடுவது இயல்பு.

ஆனாலும் பூட்டுகிறவரும் தள்ளுகிறவரும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள் என்பது என் கருத்து. ஒருவர் கருவியைத் தீமை என்கிறார், மற்றவர் நன்மை என்கிறார். பகிரப்படுவதற்கு யார் பொறுப்பு என்று இருவருமே கேட்பதில்லை. அந்தக் கேள்வி நமக்குப் புதியதல்ல. ஹதீஸ் கலை முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. மத்னை மட்டும் கொண்டுவந்தால் போதாது, ஸனதும் வேண்டும்: யார் சொன்னார், யாரிடம் கேட்டார், அவர் எப்படிப்பட்டவர். சூரா ஹுஜுராத்தின் 6ஆம் வசனமும் செய்தி வந்தால் விசாரித்துக்கொள்ளவே பணிக்கிறது. வாட்ஸ்அப் 2018இல் கைமாறி வரும் செய்திக்கு ஓர் அடையாளம் போடத் தொடங்கியது. செய்தி கைமாறி வந்தது என்பதை அது சொல்லும். யார் கையிலிருந்து வந்தது என்பதைச் சொல்லாது. ஊர்ப் புலவரின் பாட்டு பத்துக் குழுக்களைச் சுற்றி வரும்போது புலவரின் பெயர் உதிர்ந்து, கடைசியில் 'படித்ததில் பிடித்தது' என்று நிற்கிறது.

நம் முன்னோர் புதிய கருவியை எதிர்கொண்ட விதம் வேறு. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்றோரின் அரபுத்தமிழ் நூல்கள் அச்சேறியதால் இலங்கையிலும் வீட்டுக்குள்ளேயே பெண்கள் மார்க்கம் படித்தார்கள். 1882இல் சித்திலெப்பை கண்டியிலிருந்து 'முஸ்லிம் நேசன்' நடத்தினார். அச்சு நல்லதா கெட்டதா என்ற விவாதத்தோடு அவர் நிற்கவில்லை. பெயர் போட்டு எழுதினார், எதிர்ப்புக்கும் பதில் சொன்னார்.

இணையத்திலும் இதற்குத் தமிழில் முன்மாதிரிகள் உண்டு. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை இலவசமாகத் தந்தது. 2003இல் தமிழ் விக்கிப்பீடியா வந்தது. 2005இல் தொடங்கிய நூலகம், இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் வெளியீடுகளைச் சேர்க்கிறது. முஸ்லிம்களின் நூல்களும் சஞ்சிகைகளும் அங்கே கிடைக்கின்றன. விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தால் யார், எந்த நாள், எந்தச் சொல்லை மாற்றினார் என்று தெரியும். புனைபெயரில் எழுதுவோர் இருக்கிறார்கள்தான். என்றாலும், ஸனதுக்கு இவ்வளவு நெருங்கிய ஒன்றை ஒரு கணினி செய்து காட்டியிருப்பது நம் கவனத்துக்குரியது.

குறைகளும் உண்டு. விக்கிப்பீடியா பொதுவாக வெளியான ஆதாரத்தைக் கேட்கும். மூதூர்க் கரைவலைக்காரர் நீரோட்டம் பற்றி அறிந்திருப்பதும் கிண்ணியா உம்மாமாரின் தாலாட்டும் எந்த அச்சிலும் இல்லையென்றால் அவற்றுக்கு அங்கே இடம் கிடைப்பது கடினம். நூலகத்தின் கோப்புகளில் பெரும்பாலானவை பக்கங்களின் படங்கள். நூலின் பெயரைத் தேடலாம், உள்ளிருக்கும் ஒரு சொல்லைத் தேடுவது சிரமம். நம் பக்கத்துக் குறை இன்னொன்று: பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யும் பழக்கம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். ஒருங்குறிக்கு மாற்றாமல் கிடக்கும் மலர்களும் ஆய்வுகளும் தேடுபொறிக்கு இல்லாதவையே.

பெரியவரின் அச்சத்துக்கும் இளைஞரின் ஆர்வத்துக்கும் பொதுவாக ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது: வக்பு. கிதாபை வக்பு செய்தவர் அதைக் காற்றில் விடவில்லை. யாருக்கு, எந்த நிபந்தனையில், யார் பொறுப்பில் என்று எழுதி வைத்தார். அவ்வாறே டிஜிட்டல் பிரதியையும் கொடுக்கலாம். மூலம் பெரியவரின் பெட்டகத்திலேயே இருக்கட்டும். பிரதியோடு உரியவர் பெயர், ஊர், கிடைத்த விதம், எடுத்த திகதி, எடுத்தவர் பெயர் எழுதப்படட்டும். வெளியிட வேண்டாத பகுதியை அவரே சொல்லட்டும். பிறகு பொது ஆவணகத்தில் ஒன்று, ஊர் நூலகத்தில் ஒன்று, குடும்பத்திடம் ஒன்று என வைத்துவிட்டு, குழுவில் அதன் இணைப்பை மட்டும் அனுப்பலாம்.

இதற்குப் பெரிய பணம் வேண்டியதில்லை. பள்ளிவாசல் நிர்வாகமும் பாடசாலைத் தமிழாசிரியர் ஒருவரும் போன் வைத்திருக்கும் நாலு பிள்ளைகளும் போதும். முதல் வேலையாக, உங்கள் குழுவில் கிடக்கும் பழைய புகைப்படமொன்றில் நிற்பவர்களின் பெயர்களை, அவர்களை அறிந்த மூத்தவர் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.